சக்கரத்தில் 5, சுவரில் 18

மடிப்பாக்கத்தில் இருக்கும் அத்தான் ஒரு கொட்டேஷனை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். மொட்டை மாடிக்கு 3 கிலோவாட் சோலார், ஹைபிரிட் இன்வெர்ட்டர், மாடிப்படிக்குக் கீழே மாட்ட 5 யூனிட் மின்சாரம் பிடிக்கும் ஒரு லித்தியம் பேட்டரி, போர்ட்டிகோவில் காருக்கு ஒரு சார்ஜர். கூடவே ஒரு குரல் பதிவு: "மாப்ளே, ஆஸ்டின்ல பையன் இதேதான் போட்டான். முப்பது பர்சென்ட் டாக்ஸ்ல திரும்ப வந்துடுச்சாம். நமக்கு எவ்வளவு வரும்னு பார்த்துச் சொல்லு."

பையன் சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவில் 2022இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் வீட்டு சோலாருக்கு 30 சதவீத வரிக்கழிவு கொடுத்தது. 2023 முதல் 3 யூனிட்டும் அதற்கு மேலும் கொள்ளளவு உள்ள வீட்டு பேட்டரிக்கும் அது கிடைத்தது. கூரையில் பேனல் இல்லாமல் பேட்டரி மட்டும் வைத்தாலும் சரி. பத்தாயிரம் டாலர் செலவு என்றால் மூவாயிரம் டாலர் கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழியும். வீட்டில் வைக்கும் கார் சார்ஜருக்கும் 30 சதவீதம், உச்சவரம்பு ஆயிரம் டாலர். ஆனால் அது குறிப்பிட்ட பகுதிகளில் வசிப்பவர்களுக்கு மட்டும். பையன் சொல்ல விட்டது ஒன்று உண்டு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம் இந்தக் கடையைச் சாத்திவிட்டது. மின்சார கார் வாங்குவதற்கான கழிவு 2025 செப்டம்பர் 30 உடன் போனது, வீட்டு சோலாருக்கும் பேட்டரிக்கும் உரியது 2025 டிசம்பர் 31 உடன். சார்ஜருக்கு 2026 ஜூன் 30க்குள் பொருத்தியிருக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அவன் கடைசி பஸ்ஸைப் பிடித்திருக்கிறான்.

சரி, நமக்கு? வருமான வரியில் பேட்டரிக்கு ஒன்றும் இல்லை, சார்ஜருக்கும் இல்லை. இல்லை என்றால் குறைவு என்று அர்த்தமில்லை. வீட்டு பேட்டரி என்ற ஒரு பொருள் இருப்பதாகவே நம் வருமான வரிச் சட்டம் காட்டிக்கொண்டதில்லை. மின்சார வண்டிக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. 2019 ஜூலை பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்த 80இஇபி பிரிவு. மின்சார வண்டி வாங்கக் கடன் எடுத்தால், அதற்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடன் 2019 ஏப்ரல் 1க்கும் 2023 மார்ச் 31க்கும் இடையில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி எடுத்த கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை கழிக்கலாம். 2024இல் வண்டி எடுத்துவிட்டு, ஷோரூமில் சேல்ஸ் தம்பி சொன்னார் என்று ரிட்டர்னில் போடுகிறவர்கள் பின்னால் நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இந்தக் கழிவு. இப்போது நாமாகக் கேட்டு மாறாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். அதில் 80சியும் கிடையாது, இந்த இஇபியும் கிடையாது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே வராது, சம்பளக்காரர் என்றால் நிலையான கழிவோடு சேர்த்து 12,75,000. வரியே கட்டாதவருக்கு வரிக்கழிவு கொடுத்து என்ன பயன்? அமெரிக்கக் கழிவிலும் இதே சங்கடம் இருந்தது. கட்ட வேண்டிய வரி இருந்தால்தான் கழியும், கையில் காசாக வராது. நம் ஊரில் வருமான வரி கட்டுகிறவர்கள் எண்ணிக்கையே சொற்பம் என்பதால் தில்லி வேறு வழியில் போகிறது: ஜிஎஸ்டியைக் குறைப்பது, மானியத்தை வங்கிக் கணக்கில் போடுவது. மாநிலத்தின் கையில் இருப்பது ரோடு டாக்ஸ். ஆகவே சலுகையைத் தேட வேண்டிய இடம் ஆடிட்டர் மேஜையில் இருக்கும் ரிட்டர்ன் அல்ல, கடைக்காரர் கொடுக்கும் பில்.

அத்தானின் கொட்டேஷனுக்கு வருவோம். வரிக்கு முன்பு சோலார் 1,80,000, பேட்டரி ஒரு லட்சம். கடைசி வரியில் 'சார்ஜர் மற்றும் வயரிங்' என்று சேர்த்து 42,000.

சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஆனால் மாடியில் ஏற்றி, பொருத்தி, ஓட விட்டுக் கொடுக்கும் முழு வேலையில் 70 சதவீதத்தைப் பொருளாகவும் 30 சதவீதத்தைச் சேவையாகவும் கணக்கிட வேண்டும் என்பது விதி. பொருளுக்கு 5, சேவைக்கு 18. சராசரி போட்டால் 8.9 சதவீதம், இதுவே முன்பு 13.8. ஆக, 1,80,000க்கு வரி 16,020 ரூபாய்.

கொட்டேஷனில் அடுத்தது பேட்டரி. தனியாக விலை போட்டு விற்கும் லித்தியம் பேட்டரிக்கு 18 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 18,000. அதாவது மொட்டை மாடி முழுக்கப் பரப்பியதற்கு வரும் வரியைவிட, படிக்குக் கீழே மாட்டும் ஒரு பெட்டிக்கு வரி அதிகம். இத்தனைக்கும் அதன் விலை சோலாரில் பாதிக்குச் சற்று மேல்தான்.

வேடிக்கை இதில்தான். அதே மாதிரி செல்களை அடுக்கி ஒரு காருக்கு அடியில் வைத்து விற்றால் மொத்த வண்டிக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். 2019 ஆகஸ்ட் 1 முதல் இதுதான். அதற்கு முன் 12 இருந்தது. பேட்டரி இல்லாமல் வெறும் வண்டியாக விற்றாலும் 5தான் என்று 2022இல் சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தினார்கள். ஆனால் ஏழெட்டு வருடம் ஓட்டி, பேட்டரி களைத்துப்போய் புதிதாக மாற்றினால் அதற்கு 18. நம் வரி முறை பேட்டரியைப் பேட்டரியாகப் பார்ப்பதில்லை. அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. சக்கரத்தின் மேல் என்றால் 5, சுவரின் மேல் என்றால் 18.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், 18 என்பதே குறைந்து வந்த எண்தான். லித்தியம் பேட்டரிக்கு 2018 ஜூலை வரை 28 சதவீதம். நம் வீடுகளில் யுபிஎஸ் பக்கத்தில் குண்டாக உட்கார்ந்து, மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் கேட்கும் ஈய பேட்டரிக்கு 2025 செப்டம்பர் 22 வரைக்கும் அதே 28 இருந்தது. இப்போது இரண்டும் 18இல் வந்து நிற்கின்றன.

மூன்றாவது வரியில்தான் எனக்குக் கை உறுத்தியது. 'சார்ஜர் மற்றும் வயரிங்' என்று சேர்த்து எழுதி, மொத்தத்துக்கும் 18 சதவீதம் போட்டு 7,560 ரூபாய் வரி காட்டியிருந்தார் அந்த ஆள். கார் சார்ஜருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதுவும் 2019 ஆகஸ்டில் 18இலிருந்து குறைந்ததுதான். எலக்ட்ரீஷியன் வேலைக்கும் வயருக்கும்தான் 18. சார்ஜர் 30,000, வயரிங் 12,000 என்று பிரித்துப் போட்டால் 1,500 கூட்டல் 2,160, ஆக 3,660. வித்தியாசம் 3,900 ரூபாய். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் பெரிய விகிதம் ஒட்டிக்கொள்வது சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் பில்லைப் பிரித்துக் கேட்க வேண்டும். அத்தானிடம் சொன்னேன்; "ஒரு 'மற்றும்'க்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரமா?" என்றார்.

சார்ஜரைத் தனியாகப் பில் போடுவதில் முன்பு ஒரு கூத்தே நடந்திருக்கிறது. மத்திய அரசின் ஃபேம் மானியம் மின்சார ஸ்கூட்டர்களுக்குக் கிடைக்க விலை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டியிருந்தது. வரம்புக்குள் நிற்பதற்காகச் சில தயாரிப்பாளர்கள் சார்ஜரை ஸ்கூட்டரிலிருந்து கழற்றி, தனிப் பொருளாக விலை வைத்தார்கள். சார்ஜர் இல்லாத ஸ்கூட்டரை யார் வாங்குவார்? 2023இல் அரசு கண்ணை உருட்டியதும் சார்ஜர் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வண்டியைப் பொறுத்தவரை சென்னைவாசிக்குப் பெரிய பணம் ஜிஎஸ்டியில் இல்லை, ரோடு டாக்ஸில் இருக்கிறது. 2023 நவம்பரில் தமிழ்நாடு இந்த வரியை ஏற்றியது. ஐந்து லட்சம் வரையான காருக்கு 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பைக்குக்கு ஒரு லட்சம் வரை 10, மேலே போனால் 12. பதினைந்து லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்கு இது மட்டுமே 2,70,000 ரூபாய். மின்சார வண்டிக்கு இந்த வரியில் முழு விலக்கு கொடுத்து வந்தார்கள்: 2020 நவம்பரில் வந்த ஆணை 2022 டிசம்பர் வரை என்றது, 2023 மின்வாகனக் கொள்கை அதை 2025 டிசம்பர் 31 வரை நீட்டியது. இந்த விலக்கு எப்போதும் முடிவுத் தேதியோடுதான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புக்கிங் போட்ட நாளுக்கு இங்கே மதிப்பில்லை. ஆர்டிஓவில் வண்டி பதிவாகும் நாளில் எந்த ஆணை நடப்பில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. டெலிவரி தள்ளிப்போவதால் ஒரு குடும்பம் இரண்டு லட்சத்தை இழக்கலாம் என்பதால், ஷோரூமில் கையெழுத்துப் போடும்முன் 'ஆன்ரோடு விலையில் ரோடு டாக்ஸ் சைபர்' என்று எழுதி வாங்குவது நல்லது.

ரோடு டாக்ஸ் விலக்கின் எடை முன்பைவிட இப்போது கூடியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 செப்டம்பருக்கு முன் சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் மேலே செஸ்ஸும் இருந்தன; மின்சார காருக்கு 5. இப்போது சிறிய பெட்ரோல் கார் 18க்கு இறங்கிவிட்டது. இடைவெளி 24லிருந்து 13 ஆகச் சுருங்கிவிட்டது. மின்சார கார் அதே இடத்தில் நிற்க, எதிராளி பக்கத்தில் வந்துவிட்டான். பெரிய பெட்ரோல் கார்களுக்கு 40 சதவீதம் என்பதால் அந்தப் பக்கம் இந்தக் கவலை இல்லை. சின்னச் சின்னதாக இன்னும் இரண்டு: மின்சார வண்டிக்கு ஆர்சி கட்டணம் 2021 முதல் கிடையாது, மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி. பச்சை நம்பர் பிளேட்டும் இலவச கௌரவம்.

வண்டி வந்தபின் சார்ஜ் செய்வதற்கு வருவோம். இங்கே வரி ஒரு விசித்திரமான கோடு போட்டிருக்கிறது. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் பொது சார்ஜிங் ஸ்டேஷனில் செருகினால் நீங்கள் வாங்குவது மின்சாரம் இல்லை, சேவை. 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை அப்படி விளக்கம் கொடுத்தது, நல்ல எண்ணத்தில்தான். மின்சாரம் விற்பது என்று வைத்தால் மின்சாரச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும். சேவை என்று சொல்லிவிட்டால் யார் வேண்டுமானாலும் ஸ்டேஷன் திறக்கலாம். உரிமத்திலிருந்து தப்பியது, வரியில் மாட்டிக்கொண்டது. சேவைக்கு 18 சதவீதம். நெடுஞ்சாலை ஓரத்தில் வேக சார்ஜரில் யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தால் அதன்மேல் 3 ரூபாய் 60 காசு வரி. வீட்டுச் சுவரில் செருகினால் ஜிஎஸ்டி சைபர். வீட்டில் சொந்தப் பார்க்கிங் இருப்பவருக்குச் சலுகை, தெருவில் நிறுத்துகிறவருக்கு அபராதம் என்றுதான் நடைமுறையில் இது முடிகிறது. திருவல்லிக்கேணி சந்தில் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் டெலிவரி பையன்தான் அந்த 18ஐக் கட்டுகிறான். எனக்கு இது சரியாகப் படவில்லை.

அப்பார்ட்மென்ட் இரண்டுக்கும் நடுவில். பெருங்குடியில் ஒரு நண்பரின் அசோசியேஷன் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டு மணி நேரமும் ஒரே ஒரு பிளக் பாயின்ட்டைப் பற்றித்தான். பொது மீட்டரிலிருந்து சார்ஜ் செய்யலாமா, உறுப்பினரிடம் என்ன வசூலிப்பது? லிஃப்ட், மோட்டார் எல்லாம் ஓடும் பொது மீட்டருக்கு 2024 ஜூலை கட்டணப்படி யூனிட் 8 ரூபாய் 55 காசு. அசோசியேஷன் அதே விலையை மீட்டர் பார்த்து அப்படியே வசூலித்து இ.பி.க்குக் கட்டினால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை; 2023 அக்டோபர் சுற்றறிக்கை இதைச் சொல்கிறது. பராமரிப்புக் கட்டணத்தோடு கலந்து விட்டாலோ, 'யூனிட்டுக்கு மூன்று ரூபாய் கூட வைப்போம், நிதி சேரும்' என்று இறங்கினாலோ நிலைமை மாறும். கூட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "லாபமே வேண்டாம், தனி சப்மீட்டர் போடுங்க" என்று முடித்து வைத்தார். காருக்கென்று தனி இணைப்பே கேட்டு வாங்கும் உரிமையும் 2024 பிப்ரவரி மாத விதித் திருத்தத்தில் வந்திருக்கிறது.

தனி வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது வரியை அல்ல, ஸ்லாபை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர், யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் கார் மட்டும் 285 யூனிட் குடிக்கும். ஏற்கெனவே 500 யூனிட் ஓடும் வீடு 785க்குப் போகும். அதே 2024 ஜூலை கட்டணப்படி 500ஐத் தாண்டியதும் அடுத்த நூறுக்கு 8.55, 600க்கு மேல் 9.65 என்று ஏறும். கூட்டிப் பார்த்தால் காரால் வருவது கிட்டத்தட்ட 2,640 ரூபாய். 500ஐத் தாண்டும்போது கீழ் ஸ்லாபுகளில் கிடைக்கும் மானியமும் கொஞ்சம் போகும், அது தனி. அதே தூரத்துக்குப் பெட்ரோல் 13,000 ரூபாயைத் தொடும் என்பதால் யாரும் அழப்போவதில்லை. ஆனாலும் கூரையில் சோலார் போட்டால் இந்த உச்சி ஸ்லாபுதான் முதலில் கரையும். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் தோராயக் கணக்கு. 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட் கொடுக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் வங்கிக் கணக்குக்கே வருகிறது: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. பேட்டரிக்கு அதிலும் ஒரு பைசா இல்லை.

ஏன் பேட்டரியை மட்டும் எல்லாரும் தள்ளி வைக்கிறார்கள்? நெட் மீட்டர் இருக்கும்வரை இ.பி. கம்பிதான் நம் பேட்டரி என்பதால். பகலில் அத்தான் ஓஎம்ஆர் ஆபீஸில், கார் ஆபீஸ் பார்க்கிங்கில். மாடியில் விளையும் மின்சாரம் கம்பிக்குப் போகும். ராத்திரி கார் குடிக்கும்போது அதே கணக்கில் கழியும். நடுவில் ஒரு லட்ச ரூபாய்ப் பெட்டிக்கு வேலை இல்லை. அதுவும் 5 யூனிட் பெட்டி. காரின் வயிறு முப்பது நாற்பது யூனிட். சொம்பில் முகந்து தொட்டியை நிரப்புகிற கதை. பகலில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று வீட்டுக்கும் வந்தால் கதை மாறும். 2023இல் மத்திய அரசு திருத்திய விதிகள் ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கு அதைத்தான் சொல்கின்றன. 2025 பிப்ரவரியில் மத்திய மின்சார ஆணையமும் கூரை சோலாரோடு இரண்டு மணி நேரச் சேமிப்பைக் கட்டாயமாக்குவது பற்றி மின்வாரியங்கள் யோசிக்கலாம் என்று ஒரு வரி எழுதி வைத்தது. கட்டாயம் என்று வரும் நாளில் 18 சதவீதத்தைப் பற்றிப் பெரிய சத்தம் எழும், அதுவரை எழாது.

பேட்டரிக்கு ஒரே நியாயம் கரண்ட் கட். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: பேட்டரி இல்லாத சோலார், கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மேல் நம் மாடி மின்சாரம் பாயக் கூடாதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் இருட்டு. அத்தான் வீட்டு ஈய பேட்டரி முதல் ராத்திரியே மூச்சை விட்டது. அக்கா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பால் காய்ச்சியதை இன்றும் சொல்லிக் காட்டுவார். அந்த நினைவுக்குத்தான் அத்தான் ஒரு லட்சம் கொடுக்கத் தயாரானார். முப்பது சதவீதம் திரும்ப வரும் என்ற நினைப்பு அதற்கு ஒரு சாக்கு.

அக்கா வீட்டுக்கு எதிரில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், அவர் நிலைமை வேறு. தொழிலுக்கு என்று மின்சார கார் வாங்கினால் அவருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். பெட்ரோல் கார் என்றால் 15தான். கிளினிக் கூரையில் சோலார் போட்டாலும் அதே 40. கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கலாமா என்றால், டாக்ஸி ஓட்டுகிறவர் போன்ற சிலரைத் தவிர யாருக்கும் சொந்தக் காரில் அது முடியாது, மின்சார கார் உட்பட. சம்பளக்காரர்களுக்கு மூடிய வருமான வரிக் கதவு தொழில் செய்பவருக்கு இப்படி ஓரளவு திறந்தே இருக்கிறது.

கடைசியில் அத்தான் லித்தியம் பெட்டியை நீக்கிவிட்டார். ஹைபிரிட் இன்வெர்ட்டரை மட்டும் வைத்துக்கொண்டார், பின்னால் பேட்டரி சேர்க்க இடம் இருக்கட்டும் என்று. கார் எடுக்கும்போது, நின்ற இடத்திலேயே பிளக் செருகி ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓட்டுகிற வசதி உள்ள மாடலாகப் பார்க்கச் சொன்னேன். 5 சதவீத வரியில் கிடைக்கும் பெரிய பேட்டரி அதுதானே. ஈய பேட்டரி பழைய இடத்திலேயே இருக்கிறது. திருத்திய கொட்டேஷன் நேற்று வந்தது. சார்ஜர் தனி, வயரிங் தனி. அதற்கும் கீழே 'போக்குவரத்து 1,500' என்று புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது.